ஜாடிக்குக் கீழே மாங்காட்டு மண்

கிறிஸ்மஸ் காலையில் உங்கள் அம்மா சின்ன டம்ளர்களில் ஊற்றி வைக்கிற வைன், நம் வீட்டில் எந்தக் காலத்திலிருந்தோ இருந்துவருகிறது என்றுதான் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. கல்யாணமாகி நான்கு வருடம் வரைக்கும் அவளுக்கென்று ஒரு ஜாடி கிடையாது. அந்த ஜாடி எப்படி வந்தது என்பதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தால், பிரான்ஸ் தேசத்தில் ஒரு கிராமத்து மண்ணிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால் உங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் அத்தை, என் அக்கா, திருமுல்லைவாயிலில் சொந்த வீட்டில் இருந்தாள். பின்பக்கம் கொஞ்சம் மண் தரை, ஒரு முருங்கை, துவைக்கிற கல். நாங்கள் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு ஒரு போர்ஷனில் இருந்தோம். நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் முடிந்த வாரத்தில் அக்கா பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போய்ப் பன்னீர் திராட்சை வாங்கிவந்து ஜாடி போடுவாள். திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, ஈஸ்ட், பட்டை, கிராம்பு. வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறி, கிறிஸ்மஸுக்கு முன்னால் வடிகட்டுவாள். எங்கள் குடும்பத்துக்கு அது ஒன்றுதான் வைன். அக்கா வீட்டிலிருந்து எனக்கு, என் தம்பிக்கு, தெருவில் தெரிந்தவர்களுக்கெல்லாம் பாட்டில் போகும். வீட்டுக்கு வந்த மருமகள்களின் வேலை திராட்சையைக் காம்பிலிருந்து கிள்ளுவதும் பாட்டில் கழுவுவதும். ஜாடிக்குள் கரண்டியைப் போட அவர்களுக்கு உரிமை இல்லை.

உங்கள் அம்மா மாங்காட்டுப் பெண். அவள் பிறந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே தனியாக ஜாடி போட்டவள். கல்யாணமான முதல் வருடமே, நம் வீட்டுக்கு நானே போடட்டுமா என்று அக்காவைக் கேட்டாள். அக்கா கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே, உங்கள் வீட்டு வைன் வேறு, எங்கள் வீட்டு வைன் வேறு, ஒரு குடும்பத்தில் ரெண்டு ருசி இருக்கக் கூடாது என்று சொல்லி அவள் கையில் ஒரு கூடை திராட்சையைக் கொடுத்துக் கிள்ளச் சொன்னாள். இரண்டாவது வருடமும் கேட்டாள். மூன்றாவது வருடம் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் அவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

நான் அப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். எண்பதுகளின் கடைசி. பாட்டில் மூடி அடிக்கிற மெஷின் ஒன்று பிரான்ஸிலிருந்து கப்பலில் வந்தது. அதைப் பூட்டி ஓடவைக்க அங்கிருந்தே ஒருவரும் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முகம் வெயிலில் வெந்து சிவந்து, கையெல்லாம் நம்மைப் போலவே காய்ப்பு. என்னை அவருக்கு உதவியாகப் போட்டார்கள். அவருக்கும் ஆங்கிலம் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாகப் புரிந்தது. நன்றாக ஆங்கிலம் தெரிந்த எங்கள் மேனேஜருக்குத்தான் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை.

சோடா பாட்டில் மூடி அடிக்கிற மெஷினைப் பூட்ட வந்தவருக்கு அந்த மூடியைக் கண்டாலே ஆகாது. அவர் ஊரில் பாட்டிலை மரப்பட்டைத் தக்கையால் அடைப்பார்களாம். அவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் திராட்சைத் தோட்டம் இருந்தது. டீ நேரத்தில் மெஷின் ஷாப் தரையில் சாக்பீஸால் அவர் ஊரை வரைந்து காட்டினார். ஒரு மேடு. மேட்டின் சரிவில் வரிசை வரிசையாகக் கொடி. நடுவில் ஒரு ரோடு. ரோட்டோரம் ஒரு கோயில், முப்பது நாற்பது வீடு. அவ்வளவுதான் ஊர். ஆனால் அந்த ஊரைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

மேட்டு மண் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லாம். காலை வெயில் முதலில் அந்தச் சரிவில்தான் விழுமாம். கொடிக்கு யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்களாம். ஊற்றினால் பழம் கெட்டுவிடும். தண்ணீர் தேடி வேர் கல்லைப் பிளந்துகொண்டு கீழே போகும், போகும்போது அந்தக் கல்லின் ருசியை எடுத்துக்கொண்டு வரும், கொடி கஷ்டப்பட்டால்தான் வைன் நன்றாக இருக்கும் என்றார். தன் பேன்ட் பாக்கெட்டில் அந்த மேட்டிலிருந்து ஒரு கல்லையே வைத்திருந்தார். எடுத்து என்னை மோந்து பார்க்கச் சொன்னார். எனக்கு மெஷின் ஆயில் வாசனைதான் வந்தது. ஆனாலும் தலையாட்டினேன். ஒருவர் தன் ஊர்க் கல்லை இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கும்போது வேறு என்ன செய்வது?

இன்னொன்றும் சொன்னார். ரோட்டுக்கு மேல்பக்கம் விளைந்த பழத்தில் செய்த வைனுக்கு ஊர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். கீழ்ப்பக்கம் விளைந்ததற்குப் போடக் கூடாது. அதே கொடி, அதே ஆள், அதே கத்தரிக்கோல். நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். ஆனால் மேல்பக்கத்துக்காரனும் கீழ்ப்பக்கத்துக்காரனும் ஒன்றில்லை. கீழ்ப்பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று இவர் சொன்னதற்கு இவருடைய அப்பா ஆறு மாதம் பேசவில்லையாம்.

அவருக்கு அதை எனக்கு விளக்குவது கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் சாக்பீஸால் அந்த ரோட்டையே அழுத்தி வரைந்தார். எனக்கு முதல் தடவையே புரிந்துவிட்டது. ரோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பதை நமக்கு யாரும் பிரான்ஸிலிருந்து வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. செத்தவர்களைப் புதைக்கிற இடத்திலேயே பக்கம் பார்க்கிற சனம் நாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் அக்கா வீட்டுக்கு வந்திருந்தபோது, சும்மா இருக்காமல் இதையெல்லாம் சொன்னேன். அக்கா கறிக்கு மசாலா அரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கொடி கஷ்டப்பட வேண்டும் என்ற இடத்தில், அப்படியானால் உலகத்திலேயே நம் தெரு வைன்தான் முதலாவதாக வரணும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு விஷயம் பிடித்துவிட்டது. தன் வைன் ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு இத்தனை வருடமாக அவளுக்கு ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தது. இப்போது கிடைத்துவிட்டது. மண்.

ஒரே ஒரு சிக்கல், எங்கள் யாரிடமும் திராட்சைக் கொடி கிடையாது. பழம் எங்கிருந்தோ லாரியில் வந்து பூந்தமல்லியில் இறங்குகிறது. எங்களிடம் இருந்தது ஜாடிதான். அதனால் ஜாடியை மண்ணில் நடுவது என்று முடிவாயிற்று.

அக்கா புருஷன், உங்கள் மாமா, ஆவடியில் அரசாங்க வேலையில் இருந்தார். லீவு நாளில் கடப்பாரை பிடிக்கிற ஆசை அவருக்குக் கொஞ்சமும் இல்லை. முருங்கை மரத்தடியில் பள்ளம் வெட்டிக்கொண்டே ஒரு சந்தேகத்தைக் கேட்டார்.

"ஜாடி பீங்கானாச்சேம்மா. அதுக்குள்ள மண்ணு ருசி எப்டி பூரும்?"

"கல்லுக்குள்ள வேரு பூரலியா? பிரான்ஸ்ல பூந்தா இங்க மட்டும் பூராதா?" என்றாள் அக்கா. "நீ ஆழமா வெட்டு."

மாமா ஆழமாக வெட்டினார். வெள்ளைச் சுண்ணாம்புக் கல் நம் பக்கம் இல்லை என்பதால், வீட்டுக்கு அடிக்கிற சுண்ணாம்பு ஒரு பை வாங்கிவந்து மண்ணோடு கலந்தார்கள். ஜாடியைக் கழுத்து வரைக்கும் புதைத்தார்கள். இரண்டு நாளில் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ரயில்வே லைன் ஓரத்து வீட்டுக்காரர், ஜல்லி கலந்த மண் தன்னுடையதுதான், வேருக்குக் கஷ்டம் அங்கேதான் அதிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் வேர் கிடையாது. ஏரிப் பக்கத்து வீட்டில் தங்கள் களிமண்ணை மட்டமாகப் பேசிவிட்டார்கள் என்று ஒரு சண்டைகூட நடந்தது. எல்லோரும் பழம் வாங்கியது ஒரே கடையில்தான்.

அந்த வருடம் உங்கள் அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள். எல்லோர் முன்னாலும்தான் கேட்டாள். அக்கா மிகவும் பரிவோடு பதில் சொன்னாள்.

"போடலாம்மா, நானா வேணாம்னேன்? ஆனா உங்க ஊட்ல மண்ணு ஏது? மொத்தம் சிமெண்ட் தரை. அந்த வெள்ளக்கார துரையே சொல்லிகிறாரு, மண்ணு இல்லாம ஒண்ணும் வராது."

உங்கள் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் நம் வீட்டுக் கதவைத் திறந்தபோது, "மண்ணுதான் வேணுமா? சரி" என்றாள்.

அந்த வாரமே உங்கள் தாய்மாமன் மாங்காட்டிலிருந்து வந்தான், தோளில் ஒரு சிமெண்ட் பையோடு. பை நிறைய அவர்கள் வீட்டு மண். குமணன்சாவடியில் பஸ் மாறும்போது கண்டக்டர் பையைத் தொட்டுப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார். இவன் மண் என்றிருக்கிறான். எதுக்கு என்று கேட்டதற்கு வைன் போட என்றிருக்கிறான். கண்டக்டர் அதன் பிறகு எதுவும் கேட்காமல் படிக்கட்டுப் பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டாராம்.

உங்கள் அம்மா பாதியாக அறுத்த ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் அந்த மண்ணைக் கொட்டினாள். புதிதாக ஒரு ஜாடி வாங்கி அதன் நடுவில் உட்காரவைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தி, சமையலறை மூலையில் வைத்தாள். திராட்சையைத் தானே கிள்ளினாள். என்னைக்கூடத் தொட விடவில்லை. அக்கா பார்க்க வந்தாள். டிரம்மைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தாள். மண் இல்லை என்று சொன்னதே அவள்தான். இப்போது மண் இருக்கிறது. துரை ஊர்ச் சட்டப்படி அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"மாங்காட்டு மண்ணா? பாக்கலாம், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு மழை என்றால் மழை. நம் பக்கத்துக்கு மழை என்றால் ஏரி வீட்டுக்கு வருவது. இரண்டு நாள் வேலை நடக்கவில்லை, பிரெஞ்சுக்காரர் பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கம்பெனி வாசலில் நின்று, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடவில்லை, நிற்கிறது என்றேன். அவர் ஊரில் மழை பெய்தால் சரிவில் இறங்கிப் போய்விடுமாம். சரிவு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அக்கா வீட்டுப் பின்பக்கம் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகு மாமா போய்ப் பார்த்தார். வேட்டித் துணி விலகி ஒரு பக்கமாகத் தொங்கியது. முக்கால் ஜாடி இருந்த வைன் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. பைபிளில் கானாவூர்க் கல்யாணத்தில் ஏசுவால் தண்ணீர் திராட்சை ரசமானது. எங்கள் அக்கா வீட்டில் திராட்சை ரசம் தண்ணீராயிற்று. மேலே சுண்ணாம்பு வேறு மிதந்தது.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இனிமேல் போட்டால் ஆகாது. தெருவுக்குப் பாட்டில் போக வேண்டும். அதைவிட, பிரெஞ்சுக்காரரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாயிற்று. துரைக்கு என் வைனைக் கொடுக்கப்போகிறேன் என்று அக்கா கோயில் வரைக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

மறுநாள் மாலை மாமா நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒயர் கூடை, கூடையில் கழுவின காலி பாட்டில்கள். கூடையை நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மழையைப் பற்றிப் பேசினார். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினார். டீ குடித்தார். இன்னொரு டீ குடித்தார். ஜாடி இருந்த மூலைப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. கடைசியில் அவர் பேச்சு தீர்ந்துபோய் நடந்ததைச் சொன்னார். அக்கா அனுப்பவில்லை, தானாகத்தான் வந்தேன் என்றார். பாட்டில்கள் எல்லாம் அக்கா துடைக்கிற மாதிரி துடைத்து வைக்கப்பட்டிருந்தன.

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். எடுத்துப் போங்கள் என்று அவள் சொல்லிவிட்டால், முதல் தடவையாகப் போட்ட ஜாடி அக்காவின் வைனாகத் தெருவெல்லாம் போய்விடும். அடுத்த வருடம் அவள் மறுபடியும் காம்பு கிள்ளப் போக வேண்டியதுதான். தர மாட்டேன் என்று சொன்னால் அக்கா துரைக்கு முன்னால் வெறும் டம்ளரோடு நிற்க வேண்டும், அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் நடுவே போக்குவரத்து இருக்காது. நான் எதைச் சொன்னாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள்.

அவள் மாமா குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"வைனு தரேண்ணா. தராம எங்க போறேன்? ஆனா இன்னும் வடிகட்டல. அண்ணிய வந்து ருசி பாத்து சொல்ல சொல்லுங்க. அவங்க சரின்னா வடிகட்டறேன்."

மாமா கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூடையை இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

அக்கா அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. உங்கள் அம்மா ஒன்றும் நடக்காதது போல ஜாடியைக் கிளறினாள். எனக்குத்தான் வேலை ஓடவில்லை. ஒரு போல்ட்டைத் தப்பான மரையில் ஏற்றிப் பிரெஞ்சுக்காரரிடம் திட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் மாலை, குடையை வாசலில் சாத்திவிட்டு அக்கா உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. நேராக மூலைக்குப் போய்த் தரையில், ஜாடிக்கு முன்னால் உட்கார்ந்தாள். உங்கள் அம்மா துணியை அவிழ்த்துக் கரண்டியை அவள் கையில் கொடுத்தாள்.

அக்கா ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள்.

"சக்கர ஜாஸ்தி" என்றாள்.

"ஆமா அண்ணி."

"கிராம்பு கம்மி."

"சரி அண்ணி."

மறுபடியும் கரண்டியை விட்டாள். ருசி பார்க்கிறவர்கள் மூன்றாவது தடவை விட மாட்டார்கள். நானும் பார்த்தேன், உங்கள் அம்மாவும் பார்த்தாள். அக்காவுக்கும் நாங்கள் பார்த்தது தெரிந்தது.

"மண்ணு நல்ல மண்ணு" என்றாள் அக்கா. டிரம்மில் கையை வைத்துத் தட்டினாள். "அதான் இப்டி வந்துகீது. எனுக்கும் ஒரு பை கொண்டாற சொல்லும்மா உன் தம்பிய."

"சொல்றேன் அண்ணி."

அவ்வளவுதான். கை நல்ல கை என்று அக்கா வாயால் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லும்படி அவளைக் கேட்கவும் முடியாது. மண் நல்ல மண் என்று சொல்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. பிரெஞ்சுக்காரர் ஊரிலும் இதற்காகத்தான் மண்ணைக் கண்டுபிடித்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒன்றாக வடிகட்டினார்கள். அக்கா துணியைப் பிடித்தாள், உங்கள் அம்மா ஊற்றினாள்.

கிறிஸ்மஸ் அன்று அக்கா வீட்டில் பிரெஞ்சுக்காரர் பிரியாணி சாப்பிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அக்கா டம்ளரில் வைனை நீட்டினாள். அது சில்வர் டம்ளர். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், பார்க்க ஒன்றும் தெரியாது என்று தெரிந்த பிறகும் பார்த்தார். சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். தெருவில் பாதிப் பேர் அந்த அறையில் நின்றார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, இது எந்த இடத்தினுடையது என்று என்னிடம் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

நம் தோட்டத்து மண் என்று அக்கா முருங்கைப் பக்கம் கையைக் காட்டியிருக்கலாம். அங்கே நின்றவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். உங்கள் அம்மா கேக் தட்டைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"மாங்காடுன்னு சொல்லு" என்றாள் அக்கா. கொஞ்சம் நிறுத்தி, "என் தம்பி பொண்டாட்டி ஊரு" என்றாள்.

சொன்னேன். அங்கே சரிவு உண்டா என்று அவர் கேட்டார். சரிவு இல்லை, ஒரு காலத்தில் மாந்தோப்பு இருந்ததாகச் சொல்வார்கள் என்றேன். அவர் கண்ணை மூடி இன்னொரு வாய் குடித்தார். ஆமாம், கடைசியில் மாம்பழம் வருகிறது என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் எல்லோரும் ஒரு வாய் குடித்தார்கள், எல்லோருக்கும் மாம்பழம் வந்தது. மாமா தனக்கு இரண்டு தடவை வந்ததாகச் சொன்னார். எனக்குக் கிராம்புதான் தெரிந்தது, அதுவும் கம்மி.

பொங்கலுக்கு முன்னால் மெஷின் ஓட ஆரம்பித்து அவர் ஊருக்குப் போய்விட்டார். அடுத்த நவம்பரில் உங்கள் தாய்மாமன் மாங்காட்டிலிருந்து அக்காவுக்கு ஒரு பை, ரயில்வே லைன் வீட்டுக்கு ஒரு பை, இன்னும் யார் யாருக்கோ மண் சுமந்தான். அக்கா பள்ளத்தை மூடிவிட்டு, உங்கள் அம்மா செய்த மாதிரியே ஒரு டிரம்மை அறுத்து வீட்டுக்குள் வைத்துக்கொண்டாள். பாட்டில் கழுவ இனிமேல் என் தம்பியின் பெண்டாட்டி மட்டும்தான் என்று ஆனதில் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம். அது வேறு கதை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், நம் வீட்டு ஜாடி சமையலறையில் வெறும் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கிறது. டிரம் வெளியே கிடக்கிறது, அதில் உங்கள் அம்மா கீரை விதைத்திருக்கிறாள். ஊரெல்லாம் உன் மண்ணை வாங்கிக்கொண்டு போகிறது, உனக்கு மட்டும் வேண்டாமா என்று கேட்டேன்.

அவள் கிளறிக்கொண்டிருந்த கரண்டியை எடுத்து ஜாடி விளிம்பில் தட்டினாள்.

"மண்ணு, ஜாடி இல்லாத வரிக்கும்தாங்க வேணும். எனுக்குதான் இப்ப ஜாடி கீதே" என்றாள்.